இரண்டாவது கித்தார்

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சீவரத்தினம் கிராணியாரிடம் கித்தார் வாங்குவதைப் பற்றி யாரும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய வேலை போனதுதான். மலாயாவில் புக்கிட் பெலண்டோக்கைத் தாண்டியிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவரைத் தவிரக் கித்தார் வாங்கும் வக்குள்ளவர் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம். ஆட்களை மேய்க்கிற மண்டோர்கூட, லீவு கேட்டு ஆபீசுக்கு வந்தால், கித்தாரின் கழுத்து வளைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொண்டுதான் வீடு திரும்புவார். லீவு கிடைத்ததா என்பது அடுத்த நாள்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

விளக்கு வெளிச்சத்தில் கித்தார் வாங்குகிறவன் மடையன் என்பார் சீவரத்தினம். பகலில் வாசலுக்குக் கொண்டுவந்து, கன்று நட வரிசை பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பலாப்பழத்தைத் தட்டுவதுபோல முதுகைத் தட்ட வேண்டும். வாய்ப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும்; ஈர வாடை அடித்தால் உள்ளே பூச்சி குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். மினுக்கைப் பார்த்து வாங்கியவன் மூன்றாம் மாதம் அதில் கோழியை அடைகாக்க வைக்கலாம். விற்கிறவன் முகத்தையும் பார்க்க வேண்டும். ஓயாமல் புகழ்கிறானா, எழுந்து வந்துவிடு. கொடுக்க மனமில்லாமல் திரும்பத் திரும்பத் துடைக்கிறானா, கேட்ட விலைக்கு வாங்கு.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பெரிய கொள்கை வைத்திருந்தார். கித்தார்க்காரன் வீட்டில் இரண்டு கித்தார் இருக்க வேண்டும்.

"கித்தாரும் பல்லுக்குச்சியும் கை மாறக் கூடாது. ஆனால் கேட்டு வாறவனுக்கு இல்லையெண்டு சொல்லவும் கூடாது. அதுக்குத்தான் ரெண்டாவது" என்பார்.

யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அங்கே கற்றுக்கொடுத்த வேதத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கித்தார் ஆசையை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறியவர் என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். முதல் கித்தாரை ராசாவில், வேலை முடிந்து ஊர் திரும்பிய ஓர் ஆஸ்பத்திரிக் கிளார்க்கிடமிருந்து வாங்கினார். அந்த மனிதர் அதை நான்கு முறை துடைத்தாராம். இரண்டாவது, சிரம்பானில் ஒரு தளவாடக் கடையின் மூலையில் கிடந்தது. முன்பலகை மெலிசு, ஓசை தகரம். கேட்டு வருகிறவனுக்கு அது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் மூத்த மகளின் கல்யாணத்துக்காக மனைவி சரோஜினிதேவியையும் இரண்டு பெண்களையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். லீவு கிடைத்ததும் பின்னால் போவதாக ஏற்பாடு. அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான், கடல் அடைபட்டுவிட்டது. கல்யாணம் நடந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல், தோட்டம் அவருக்குக் கொடுத்திருந்த பெரிய கிராணி வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடந்தார். சாயங்காலமானால் கித்தாரை எடுப்பார். அதில்லாத சாயங்காலத்தை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரத்துக்குப் படிக்கட்டில் வந்து உட்காருகிற ஒரே ஆள் நல்லசாமி. புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வேலை. சீவரத்தினத்தின் வயதுதான் இருக்கும். புகையில் கருத்துப்போன அந்த விரல்களுக்கு எங்கிருந்தோ சங்கீதம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் கூடவே வருவான். இரண்டாவது கித்தார் அவன் மடியில் இருக்கும். முதலாவதை அவன் தொட்டதில்லை, தொடவேண்டுமென்று சொன்னதும் இல்லை. கிராணி வீட்டு நாற்காலியில் கொட்டகைக்காரன் உட்காருவது அந்தக் காலத்து வழக்கமல்ல. சீவரத்தினமும் அதை மாற்ற மெனக்கெட்டவரல்ல. அவர் நாற்காலியிலும் அவன் படியிலுமாக உட்கார்ந்திருக்க, அந்தத் தகர ஓசையையும் அவன் தேனாக்கி வாசிப்பான்.

ஆட்சி மாறிய வருஷ மழையில் இரண்டாவது கித்தாரின் அடிக்கட்டை, கம்பிகளை இழுத்துப் பிடித்திருக்கும் அந்தச் சின்ன மரத்துண்டு, பெயர்ந்துபோயிற்று. ஒட்டுவதற்கு வச்சிரப் பசை சிரம்பான் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அரிசியே கிடைக்காத ஊரில் பசைக்கு எங்கே போவது? தோட்டத்து ஜனங்களுக்கு எதற்கும் ஒரே மருந்துதான்: ரப்பர் பால். செருப்பு அறுந்தாலும் வாளி ஒழுகினாலும் பாலைத் தடவுவார்கள். நல்லசாமியும் பாலைக் கெட்டியாக்கித் தடவி, கட்டையை அழுத்திக் கட்டி, இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுவந்தான். சீவரத்தினம் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பால் சூட்டில் இளகும், இழுத்தால் நழுவும். இரண்டு கட்டை சுருதி இறக்கி வைத்து வாசித்தால் மட்டும் தாங்கும் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோயிற்று.

நாற்பத்துமூன்றில் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட இந்தத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வீட்டுக்கு ஒருவராக மண்டோர் பெயர் சொன்னார், சீவரத்தினம் எழுதினார். ஏழாவது பெயர் நல்லசாமி. எழுதும்போது பேனா நின்றது, பிறகு எழுதியது. மனைவி மங்கம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அவன் ஒருவன்தான் ஆதாரம் என்பது எழுதியவருக்குத் தெரியாததல்ல.

அதே வாரம் இன்னொரு கடிதம் வந்தது. போர்ட் டிக்சனில் பட்டாளத்துக்காரர்களுக்கு வாசிக்க ஓர் இசைக்குழு சேர்க்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை வாசித்துக் காட்ட வேண்டும். தேறியவர்களுக்கு வேறெந்த வேலையும் கிடையாது, சயாமும் கிடையாது. சீவரத்தினம் கடிதத்தை எடுத்துக்கொண்டு புகைக்கொட்டகைக்கே ஓடினார். ஆபீசை விட்டு அவர் அப்படி ஓடியதை யாரும் பார்த்ததில்லை.

"நல்லசாமி, நீ தப்பினாய். உன்னைப்போல வாசிக்க இந்தச் சில்லாவிலேயே ஆளில்லை."

"கித்தாரு வேணுமேங்கய்யா?"

"நான் தாறன்."

அப்படிச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. தேறியவர்களின் வாத்தியம் குழுவுக்கே சொந்தமாகிவிடும். திருப்பித் தரப்பட மாட்டாது.

செவ்வாய்க்கிழமை காலையில் நல்லசாமி வந்து நின்றபோது சுவரில் இரண்டு கித்தார்களும் தொங்கின. ஒரு கித்தாரைக் கையில் வாங்காமலே அதன் குலம் கோத்திரம் சொல்லக்கூடிய மனுஷன், இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் தேர்வு சொல்லிக்கொடுத்த மனுஷன், இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார்.

"உன்ர கைக்குப் பழகினது இதுதான். ரெண்டு கட்டை இறக்கி வச்சுக்கொள். வெயிலில் வையாதை. வாசிச்சுப்போட்டு வா."

"சரிங்கய்யா."

கடைசி வரியை அவனிடம் சொல்லவில்லை. பழகிய கருவிதான் நல்லது என்று அவர் சொன்னது பொய்யுமல்ல. பொய்யாகாத ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப்போலச் சௌகரியமான பாவம் வேறில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் நல்லசாமி திரும்பி வந்தான். கித்தாரைக் கோணிச் சாக்கில் சுற்றி, நோயாளிக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

"ஐயா சாமான ஒடச்சிட்டேங்கய்யா. மன்னிக்கணும்."

நடந்ததைச் சொன்னான். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்கவைத்தார்களாம். பிறகு அக்கார்டியன் வாசிக்கிறவனோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னார்களாம். அவன் சுருதிக்கு ஏற்றாமல் எப்படிச் சேர்வது? முறுக்காணியைத் திருகினான். ஒரு பாட்டில் பாதி போனது. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாராம். அப்புறம் கட்டை பிய்த்துக்கொண்டு போய் அவர் பூட்ஸில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆனா ஒண்ணுங்கய்யா. அந்த ஜப்பான்காரரு சிரிக்கல. கை நல்லா இருக்கு, சாமான்தான் சரியில்ல, சனிக்கெழமைக்குள்ள வேற கித்தாரோட வந்தா சேத்துக்கறேன்னு சொன்னாராம். அவரு பேச்ச தமிழ்ல சொல்ற துபாசிதான் சொன்னாரு. கொண்டாந்த கித்தாரு அவங்களுக்கேதானாம், அதையும் சொன்னாரு." சாக்கின் முனையை இழுத்து மூடினான். "வேற கித்தாருக்கு எங்கங்கய்யா போறது."

அது கேள்வியாக வரவில்லை. திறந்த கதவு வழியே முதல் கித்தார் இரண்டு பேருக்கும் தெரிந்தது. நல்லசாமி அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். சீவரத்தினம் உடைந்த கித்தாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவன் உயிரோடு நிற்கிறான், இவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"போய் வா, பார்ப்பம்" என்றார்.

புதன்கிழமை, நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தார். சயாம் லாரி அடுத்த திங்கட்கிழமைதான். சனிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அன்று சாயங்காலம் நல்லசாமி வரவில்லை. தனியாக வாசித்தார், கை ஓடவில்லை. வியாழக்கிழமை கித்தாரை இறக்கித் துடைத்தார். கம்பிகளைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், முதுகைத் துடைத்தார். சரோஜினிதேவியின் பழைய சேலைத் துண்டு அது. பிறகு பெட்டியில் வைத்து மூடி, கதவோரமாக நிறுத்தினார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். அந்த முடிவில் அவருக்கு அழுகை வந்தது, நிம்மதியும் வந்தது. நல்ல காரியம் செய்யப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில் ஆட்கள் பெயர் கொடுக்க வரிசையில் நின்றபோதே லாரி வந்துவிட்டது. மூன்று நாள் முன்னதாக. சிப்பாய் ஒருவன் பட்டியலைச் சீவரத்தினத்தின் கையில் திணித்துப் படிக்கச் சொன்னான். கிராணி படித்தார். வீடு அறுபது கெஜத்தில் இருந்தது. கதவோரத்தில் பெட்டி இருந்தது. இந்த ஆள் வேண்டாம், இவன் போர்ட் டிக்சனுக்கு வேண்டியவன் என்று சொல்லச் சிப்பாயைப் பார்த்தார். சிப்பாயின் கை துப்பாக்கிக் கட்டையில் இருந்தது.

"நல்லசாமி" என்று படித்தார்.

"ஆமாங்கய்யா" என்று குரல் வந்தது. கூப்பிட்டது அவர் என்பதால்தான் அந்த 'ஐயா'.

துணிமூட்டை எடுத்துவரக்கூட விடவில்லை. மங்கம்மா ஓடிவந்து ஒரு போர்வையை லாரிக்குள் வீசினாள். வண்டி நகரும்போது நல்லசாமி பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"ஐயா, அந்தக் கட்டைய மறுபடி பால வச்சி ஒட்டாதீங்க. வச்சிரம் கெடச்சா ஒட்டிக்குங்க."

அதற்குப் பிறகு அவர் கித்தார்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மண்டோர் ஒருநாள் சும்மா வாயைக் கிளறிப் பார்த்தார். சீவரத்தினம் கேட்ட லீவைக் கொடுத்து உடனே அனுப்பிவைத்தார்.

அடுத்த வருஷக் கடைசியில் சன்னாசி என்பவன், போன பன்னிரண்டு பேரில் ஒருவன், கால் புண்ணால் ஒன்றுக்கும் உதவாதவன் என்று திருப்பி அனுப்பப்பட்டான். அவன்தான் செய்தி கொண்டுவந்தான். முதல் மழையிலேயே முகாமில் வாந்திபேதி. நல்லசாமி இரண்டு நாள் கிடந்தான். மூங்கிலை அடுக்கி எரித்தார்கள். அதைச் சொல்லும்போது சன்னாசி அழவில்லை. அங்கே பார்த்ததில் அவனுக்கு அழுகை தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் சீவரத்தினம் முதல் தடவையாகத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் போனார். மங்கம்மா சாக்குத் துணியை உடுத்திக்கொண்டு, வாசலில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அவருக்கு உட்கார ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டாள். அவர் உட்காரவில்லை.

"மங்கம்மா, நான் ஒண்டு சொல்ல வேணும். என்னட்ட நல்ல கித்தார் ஒண்டு இருந்தது. அதைக் குடுத்திருந்தால் அவன் போயிருக்க மாட்டான். நான் குடுக்கேல்ல. அவன் வாய் திறந்து கேட்க மாட்டான் எண்டு தெரிஞ்சு, பேசாமல் இருந்தனான்."

அவள் திட்ட வேண்டும், மண்ணை வாரித் தூற்ற வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பார்.

மங்கம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"கித்தாரு இருக்கறது தெரியும்ங்கய்யா. நான்தான் அவர தொந்தரவு பண்ணுனேன், போயி கேளுங்க, ஐயா குடுப்பாருன்னு. கேக்க மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"கேட்டா குடுத்துருவாரு புள்ள, அதான் கேக்கலன்னாரு. பொண்டாட்டி புள்ளைங்க கடலுக்கு அந்தாண்ட கெடக்கு, அந்த ஒண்ணுதான் மனுசனுக்குத் தொண, அதையும் புடுங்கிட்டுப் போனா பொழுதுக்கு என்னா பண்ணுவாருன்னு சொன்னாரு."

சீவரத்தினம் அப்போதுதான் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதார். மங்கம்மா வெந்த கிழங்கில் ஒரு துண்டை இலையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடுங்கய்யா. வெறும் வயித்தோட வந்துருப்பீங்க."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டார்.