கஞ்சி போட்ட மல் துணி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் செல்வம் கையில் கத்திரிக்கோலோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே எங்கள் மகள் மகிழ். நடுவில் ஒரு துணி.

துணி என்று நான்தான் சொல்கிறேன். பார்த்தால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். அவ்வளவு நைந்துபோனது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. இப்போது என்ன நிறம் என்று கேட்டால்... பால் கொஞ்சம் கூடிப்போன டீயின் நிறம். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பவரின் சட்டைப் பொத்தானை எண்ணிவிடலாம்.

மறுநாள் மகிழ் எல்.கே.ஜி. போகிறாள். முதல் நாள். “துணியெல்லாம் எடுத்துக்கினு வரக் கூடாதும்மா. கர்ச்சீப் ஒண்ணு குத்தி அனுப்புங்க, போதும்” என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தத் துணி இல்லாமல் இவள் தூங்க மாட்டாள், சாப்பிட மாட்டாள், ஊசி போட்டுக்கொள்ள மாட்டாள். பள்ளிக்கூடம் மட்டும் போய்விடுவாளா?

அதனால்தான் கத்திரிக்கோல். துணியை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை கர்ச்சீப்பாக மடித்து யூனிஃபார்மில் குத்திவிடலாம் என்று அப்பாவும் மகளும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

“அதுக்கு வலிக்குமாப்பா?”

“வலிக்காதுடா கண்ணு. பூப்போல வெட்டறேன் பாரு.”

கத்திரிக்கோல் போனது. சத்தமே இல்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அப்படியே எங்கேயோ போய்விட்டேன்...

மகிழ் வயிற்றில் இருந்தபோது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மஸ்லின் பைத்தியம். மசக்கையில் ஊரில் உள்ளவர்கள் மாங்காய்க்கு ஏங்குவார்கள், நான் துணிக்கு ஏங்கினேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் மொபைலில் அதேதான். மேகம் போட்ட மஸ்லின், யானை போட்ட மஸ்லின், மஞ்சள் நிலா போட்ட மஸ்லின். அதில் சுற்றிய குழந்தைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே நானும் தூங்கிப்போவேன். விலை கண்ணில் பட்டால்தான் தூக்கம் கலையும்.

மாமியாருக்கு வேறு கவலை. “பொறக்கறதுக்கு முன்னாடி கொழந்தைக்குன்னு ஒண்ணும் வாங்கக் கூடாது. பழைய வேட்டி கெடக்குது, கிழிச்சிக்கலாம்” என்று சொல்லிவிட்டார். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள்தானே?

நான் கேட்பேனா? ஸ்கேனுக்குக் கள்ளக்குறிச்சி போன அன்று, எங்கள் கல்யாணத்துக்குத் துணி எடுத்த பாய் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

“மஸ்லின் இருக்குங்களா பாய்?”

“மொபைல்ல பாத்தீங்களா? இப்போ எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. அது வேற ஒண்ணும் இல்லம்மா... நம்ம மல் துணிதான்.”

ஒரு சுருளை எடுத்து உதறினார். துணி ஒரு நொடி காற்றிலேயே நின்றது. பிறகு யோசித்து யோசித்து மேஜைமேல் இறங்கியது. வயிற்றில் இருந்தவள் ஒரு தரம் புரண்டாள்.

“கை வச்சிப் பாருங்க. மொறமொறன்னு இருக்குதா? புதுசுல கஞ்சி ஜாஸ்தி. நல்லா ஊற வச்சி மூணு தண்ணி அலசிடணும். துவைக்கத் துவைக்கத்தான் இதுக்கு மெதுவு வரும்.”

“எங்க மாமியார் இப்பவே வாங்கக் கூடாதுங்கறாங்க பாய்.”

பாய் தலை நிமிராமல் அளந்துகொண்டே சொன்னார். “கொழந்தைக்குன்னு யாரு வாங்கறா? வூட்ல சீயக்கா சலிக்க ஆறு மீட்டர் எடுத்துக்கினு போறீங்க. அவ்ளோதான்.”

ஆறு துண்டு. நாலு பக்கமும் ஓரம் அடித்துக் கொடுத்தார். நயினார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பையைப் பிரித்த மாமியார், துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னா, ஊருக்கே சீயக்கா சலிக்கப் போறியா?” என்றார். மறுநாள் அவரே மூன்று தண்ணீர் அலசிக் கொடியில் போட்டிருந்தார்.

மகிழுக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. எட்டாம் மாதத்திலேயே கிளம்பி வந்துவிட்டாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். எடை குறைவு என்று அவளை மாடியில் கண்ணாடி அறையில் வைத்துவிட்டார்கள். எனக்கு பி.பி. இறங்கவே இல்லை. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று என்னைக் கீழேயே படுக்க வைத்துவிட்டார்கள். அவள் மேலே, நான் கீழே. நடுவில் ஒரு மாடிப்படி.

நான் அவளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் மயக்கத்தில். ஏதோ சிவப்பாக... அது நிஜமா, கனவா?

வார்டு ஜன்னலில் கல்வராயன் மலை தெரியும். காலையில் நீலமாக இருக்கும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். சாயங்காலம் திரும்ப வரும். மருந்து மயக்கத்தில் எனக்கு மலை எது, மாடி எது என்றே குழம்பிப்போனது. என் குழந்தை அந்த மலைக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறாள், நான் நடந்து நடந்து போகிறேன், போய்ச் சேரவே மாட்டேன் என்கிறேன்... கண் விழித்தால் தலையணை நனைந்திருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் பொன்னி. மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அவளுக்கு இது இரண்டாவது பிள்ளை. பிள்ளை அவள் பக்கத்திலேயே கிடந்தது. பொறாமைப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே பொறாமைப்பட்டேன்.

“இத்தனை நாள் பாக்கலயே பொன்னி. அவளுக்கு என்னைத் தெரியுமா?”

“வவுத்துலயே குடியிருந்துட்டு வந்தவளுக்குத் தெரியாம எங்கக்கா போவும்?” என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அன்றைக்குத்தான் சிஸ்டர் ஒரு வழி சொன்னார். “நல்ல மெதுவான துணி இருந்தா ஜாக்கெட்டுக்குள்ள வச்சிக்கிங்கம்மா. பகலெல்லாம் இருக்கட்டும். அப்புறம் மேல குடுத்து வுடுங்க. பாப்பா பக்கத்துல வைக்கறோம். அம்மா வாசன தெரியும்ல?”

என் மல் துணி! ஆறில் ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பகல் முழுக்க அசையாமல் படுத்திருந்தேன். பால் கசிந்தது, வியர்த்தது, கண்ணீரும் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. எல்லாம் அந்தத் துணிக்குள் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இதைவிட விவரமாக நான் யாருக்கும் எதையும் எழுதியதில்லை.

சாயங்காலம் செல்வம் வந்தார். தூக்கக் கலக்கத்தில் துணியை எடுத்துக் கொடுத்து, “இதப் பாப்பாவுக்குக் குடுத்துடுங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே செல்வத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னசேலத்துப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் ஆபீஸ் வேலை. தன் சட்டையை யாரையும் துவைக்க விட மாட்டார். மில்லில் கிடைக்கும் மரவள்ளி மாவில் தானே கஞ்சி காய்ச்சி, தானே போட்டு, தானே அயர்ன் செய்வார். அந்தச் சட்டையைத் தரையில் வைத்தால் நிற்கும்.

மறுநாள் காலையில் அவர் என் கட்டிலுக்கு வந்தபோது முகம் சரியில்லை. கையில் நாலாக மடித்த வெள்ளைத் துணி. பளபளவென்று, பிள்ளையார் சதுர்த்திக் குடை காகிதம்போல.

“சிஸ்டர் வாங்க மாட்றாங்க. ‘இது இன்னாங்க, அட்டையா துணியா’ன்னு திட்டறாங்க.”

வாங்கிப் பார்த்தேன். மொடமொட என்றது. மூக்கருகே கொண்டுபோனேன். சோப்பு. அயர்ன் சூடு. மரவள்ளி மாவு.

“துவைச்சீங்களா?”

“கறையா இருந்துச்சி. டாக்டருங்க இருக்கற எடம்... அழுக்குத் துணியக் குடுக்க முடியுமா? வூட்டுக்கு எடுத்துக்கினு போய் நல்லா துவைச்சி...”

அதற்குமேல் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆபரேஷன் தையல் இழுக்க இழுக்க அழுதேன். “என் வாசனையத் துவைச்சிட்டீங்களே! ஒரு நாள் போச்சே! அவளுக்கு நான் இருக்கறதே தெரியாதே!” வார்டே திரும்பிப் பார்த்தது.

பொன்னி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ அக்கா... நாங்க மலையில கெழங்கு போட்டா, அது மில்லுக்குப் போயி, கஞ்சியாகி, உம் புள்ள துணிக்கே வந்துடுச்சா! அண்ணனுக்கு இன்னாக்கா தெரியும்? நீ சொன்னாத்தானே?”

செல்வம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்னுக்கினு இருக்கேன். தொட வுட மாட்றாங்க. எனக்குத் தெரிஞ்சது துவைக்கறது ஒண்ணுதான். அதையாவது அவளுக்கு நல்லா செய்யலாம்னு பாத்தேன்.”

அழுகை நின்றுவிட்டது. நான் படுத்துக்கொண்டு ஏங்கினேன், இவர் நின்றுகொண்டு ஏங்கியிருக்கிறார். இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

வேறொரு துண்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவர் அந்தக் கஞ்சித் துணியை எடுத்துக்கொண்டு போய் வராந்தாக் குழாயில் உட்கார்ந்தார். மூன்று தண்ணீர்... ஐந்து தண்ணீர்... வெயிலில் காய வைத்தார். காய்ந்ததும் மடித்துத் தன் சட்டைக்குள், பனியனுக்கும் உள்ளே வைத்துக்கொண்டார். சாயங்காலம் இரண்டு துணிகளும் ஒன்றாக மாடி ஏறின. ஒன்று அம்மா, ஒன்று அப்பா. சிஸ்டர் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிக்கொண்டாராம்.

அதன்பிறகு தினமும் இதே தபால்தான்.

என் பி.பி. இறங்கிய அன்று மகிழைக் கீழே கொண்டுவந்து என் நெஞ்சில் போட்டார்கள். காய்ந்த துணி எடைதான் இருந்தாள். கண் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு, கடைக்குப் போய்ப் பழகியவள் மாதிரி, நேராக வந்து வாய் வைத்தாள்.

அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. அன்றைக்கு ஜன்னலில் மலை பளிச்சென்று தெரிந்தது. மத்தியானத்தில்கூட.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஆறு துணிகளும் செய்யாத வேலை இல்லை. போர்வை அதுதான், பால் கக்கினால் துடைப்பது அதுதான், ஆஸ்பத்திரி போகும்போது வெயிலுக்குத் திரையும் அதுதான். மொட்டை மாடிக் கொடியில் ஆறும் ஆடும். கீழே பாய் விரித்து நானும் அவளும் கிடப்போம். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. துணி நிழல் எங்கள்மேல் வந்து வந்து போகும். அந்த மாதங்களில் நான் வேறு ஏதாவது செய்தேனா என்று கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

துவைக்கத் துவைக்க மெதுவு வரும் என்று பாய் சொன்னது துணிக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. பிள்ளை பெற்ற புதிதில் எல்லாரும் கஞ்சி போட்ட துணிதான். மொடமொடப்பு போக நாலைந்து தண்ணீர் அலச வேண்டியிருக்கிறது.

ஆறில் ஐந்து கிழிந்துவிட்டன. மகிழ் விடாமல் பிடித்துக்கொண்ட ஆறாவது எது தெரியுமா? அவர் கஞ்சி போட்டதுதான். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம்.

பள்ளிக்கூட வாசல். மார்பில் பாதித் துணி, சேஃப்டி பின்னோடு. மறுபாதி கையில். மிஸ் வந்து கையைப் பிடித்தார். மகிழ் அழவில்லை. அழுதது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அவள் நாலு எட்டுப் போய்த் திரும்பி வந்தாள். கையிலிருந்த பாதியை என்னிடம் நீட்டினாள்.

“நீ வச்சிக்கம்மா. அழாத. சாயந்தரம் குடுத்துடணும்.”

சாயந்தரம் வந்தாள். புது சிநேகிதி, கலர் சாக்பீஸ், சறுக்குமரம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். துணியைக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. மத்தியானம் படுக்கும்போது அதை முகத்தில் போட்டுக்கொள்கிறேன். அவள் தலை வாசனை, பவுடர், பால், கொஞ்சம் எச்சில். வீடு அமைதியாக இருக்கிறது. அப்படியே தூங்கிப்போகிறேன்.

நேற்று சனிக்கிழமை. செல்வம் கையில் வாளியோடு வந்து நின்றார்.

“அழுக்கா இருக்குது பாரு. அந்தத் துணியையும் குடு, துவைச்சிடறேன்.”

கொடுப்பேனா நான்?