சமையலறையில் இருந்த காது

கூடத்திலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. வாத்தியம் எதுவும் இல்லை, வெறும் குரல். பாடியவன் நன்றாகத்தான் பாடினான். ஆனால் 'ஸ' வரும் இடங்களிலெல்லாம் கொதிக்கும் எண்ணெயில் ஈர வெங்காயம் விழுந்ததுபோல ஒரு சீறல் கேட்டது. கத்தரிக்காயைக் குடைந்துகொண்டிருந்த நஜாஹ் கையை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"கேட்டியா? கண்ணாடி மாதிரி இருக்கு." கூடத்திலிருந்து கணவர் நஸூஹின் குரல்.

"கண்ணாடிதான். உடைஞ்ச கண்ணாடி" என்று கத்தரிக்காயிடம் சொன்னாள்.

எங்கள் அலெப்போவில், ஜமீலிய்யா தெருவில், நஸூஹின் கூடத்தைத் தெரியாதவர்கள் இல்லை. மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவரை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் வியாழக்கிழமை மாலையானால் ஊரிலுள்ள நல்ல காதுகள் அத்தனையும் அவர் கூடத்தில்தான் கூடும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஒரு பழைய ஒலிப்பதிவு, நடுவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்ப் பெட்டிகள். பாட்டு ஓடும்போது எல்லாரும் மூச்சுவிடக்கூட யோசிப்பார்கள். பாடுபவன் ஒரு வரியைச் சுற்றிச் சுழற்றிக் கொண்டுவந்து இறக்கும் அந்தக் கணத்தில் "அல்லாஹ்" என்று சொல்ல வேண்டும். அரை நொடி முந்தினால் அவசரக்காரன். அரை நொடி பிந்தினால் செவிடன். அந்தக் கணம் நஸூஹுக்குப் பிசகியதே இல்லை. அதனால் யார் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் முதலில் நஸூஹைக் கடைக்கு அழைத்துப் போவார்கள். அவர் தலையசைத்த ஜோடியைத்தான் வாங்குவார்கள். அந்த ஒரு தலையசைப்புதான் அவருக்கு இருந்த மொத்த கௌரவம்.

நஜாஹுக்கு அந்தக் கூடத்தில் இடம் கிடையாது. முப்பத்தொரு வருட வியாழக்கிழமைகளைச் சமையலறையில், பாதி திறந்த கதவுக்குப் பின்னால் கழித்தவள் அவள். எந்தப் பாடகன் எந்த இடத்தில் இறங்குவான் என்று அவளுக்குத் தெரியும். அவன் இறங்கும் நேரம் பார்த்துத்தான் காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுப்பாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, தன்னை மறந்து, கூடத்து ஆண்கள் வாய் திறக்கும் அதே நொடியில் அவளும் "அல்லாஹ்" என்று சொல்லிவிட்டாள். கூடம் சிரித்தது. நஸூஹ் எழுந்து சமையலறைக்கு வந்தார். கத்தவில்லை. கதவை மெல்ல இழுத்துக்கொண்டே, "உன் சத்தம் இந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து தாண்டவில்லை. ஆனால் அவள் மனசில் அந்தக் கதவு ஒவ்வொரு வியாழக்கிழமையும் மறுபடி மறுபடி சாத்திக்கொண்டேதான் இருந்தது.

இப்போது வாசல் மணி கூவியது. குருவி கத்துவதுபோல் கீச்சிடும் மணி. கூடத்தில் அசைவே இல்லை. மறுபடி கூவியது. நஜாஹ் ஈரக்கையோடு போய்த் திறந்தாள். பால்காரன். அவனை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது நஸூஹ் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"யாரு?"

"குருவி கூவுச்சு. உங்களுக்குக் கேக்கலை."

"பாட்டுல இருந்தேன்."

"பாட்டு நின்னு அஞ்சு நிமிஷம் ஆச்சு, அபூ முன்ஸிர்."

மூத்த மகன் முன்ஸிரின் பெயரைச் சொல்லித்தான் அவள் அவரைக் கூப்பிடுவாள். அன்பாகச் சொல்வதும் அப்படித்தான், குத்திக்காட்டுவதும் அப்படித்தான். நஸூஹ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முப்பத்தொரு வருடத்தில் அவர் சமையலறையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் ஹிக்மத் வரான்" என்றார்.

ஹிக்மத் அவருடைய தங்கை ஸமீஹாவின் கணவர், சோப்புத் தொழிற்சாலை முதலாளி. போன குளிர்காலத்தில் நஸூஹ் தலையசைத்த ஜோடியை வாங்கினார். ஸமீஹா வாரத்துக்கு மூன்று தடவை நஜாஹுக்குப் போன் செய்து, "அண்ணி, உங்க வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது ஸ்பீக்கரா, தையல் ஊசியா? தலையே வெடிக்குது" என்று அழுதாள். ஹிக்மத் அதை எடுத்துவிட்டு இரண்டாவது ஜோடி வாங்கினார். அதையும் நஸூஹ்தான் தேர்ந்தெடுத்தார். அது முதலாவதைவிடக் கூர்மை.

"ரெண்டு ஜோடி கொண்டுவரானாம். துணிக்குப் பின்னால வெச்சுப் போடுவானாம். எது நல்லதுன்னு நான் சொல்லணுமாம். தப்பாச் சொன்னா, நாளைக்கு வியாழக்கிழமையிலிருந்து சபை அவன் வீட்டுல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரான்."

"சொல்லிடுங்களேன். உங்க காதுதான் ஊரறிஞ்ச காதாச்சே."

நஸூஹ் தரையைப் பார்த்தார். "மேல் ஸ்தாயி சத்தம் கொஞ்சம் பிடிபட மாட்டேங்குது. ஜலதோஷம்."

"ரெண்டு வருஷமா ஜலதோஷமா?"

அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. கெட்டில் விசிலடிப்பது கேட்காத மனிதன், கடையில் பெட்டியைப் பார்த்து, 'இன்னும் பளிச்சுன்னு வேணும், இன்னும் பளிச்சுன்னு' என்று ஏன் கேட்கிறார் என்பது அவளுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. தன் காதில் இல்லாததை அவர் பெட்டியில் தேடினார். அந்தப் பளிச்சென்ற சத்தம் ஊரார் காதுகளைக் கிழித்தது.

"உனக்கு நல்லாக் கேக்குதுல்ல?" என்றார் தாழ்ந்த குரலில்.

"சமையலறைக்கா? எல்லாம் கேக்குது."

"அப்ப நீ ஒரு சைகை காட்டு. காபி கொண்டுவருவல்ல, தட்டுல தண்ணி கிளாஸை வலது பக்கம் வெச்சா முதல் ஜோடி. இடது பக்கம் வெச்சா ரெண்டாவது."

நஜாஹ் கத்தரிக்காய் குடையும் கம்பியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தாள். "எனக்கு என்ன?"

"என்ன வேணும்?"

"வியாழக்கிழமை. கூடத்துல ஒரு நாற்காலி."

அவர் முகம் கறுத்தது. "பைத்தியமா உனக்கு? ஆம்பளைங்க சபை."

"அப்ப ஆம்பளைங்களையே சைகை காட்டச் சொல்லுங்க."

தெருவில் அஸர் பாங்கு எழுந்தது. நஸூஹ் எழுந்து நின்று, யாரையோ திட்டுவதுபோல, "சரி, உட்காரு, உட்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சத்தியம் எப்படிப்பட்டதென்று நஜாஹுக்குத் தெரியும். ஆனாலும் அவள் நெஞ்சு படபடத்தது. ஐம்பது வயதில், ஒரு நாற்காலிக்காக.

ஹிக்மத் இரண்டு அட்டைப்பெட்டிகளோடும், தன் வீட்டுப் படுக்கை விரிப்போடும் வந்தார். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி விரிப்பைத் தொங்கவிட்டார்.

"சௌக்கியமா மச்சான்? காது சௌக்கியமா?"

"உன் வாயை விட நல்லா இருக்கு."

"அப்படியா, சந்தோஷம். ஸமீஹா ஸலாம் சொன்னா. தலைவலி மாத்திரை தீர்ந்துபோச்சாம், அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னா."

சமையலறையில் நஜாஹ் காபித்தூளை அளந்தாள். கதவு எப்போதும்போலப் பாதி திறந்திருந்தது. விரிப்புக்குப் பின்னால் ஒயர் மாட்டும் சத்தம். பிறகு ஒரு குரல் எழுந்தது. அதே பதிவு, சற்று முன் ஓடியதுதான். ஆனால் இந்தத் தடவை சீறல் இல்லை. குரல் கூடத்தின் நடுவில், தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் நின்றது. யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. யாரென்று எட்டிப் பார்க்கக் கால் எழுந்தது அவளுக்கு. பாடகன் அடிக்குரலுக்கு இறங்கியபோது மட்டும் இடது பக்கத்தில் ஒரு சின்ன நடுக்கம், தளர்ந்த திருகாணி கிடுகிடுப்பதுபோல.

பாட்டு நின்றது. ஹிக்மத் அட்டைப்பெட்டிகளை நகர்த்தினார், பெருமூச்சு விட்டார், ஒயர்களைத் தரையில் தட்டினார். "இப்ப ரெண்டாவது ஜோடி."

மறுபடி அதே குரல். அதே உயரம், அதே இடம். அடிக்குரலில், இடது பக்கத்தில், அதே ஆணி.

நஜாஹ் அடுப்பை அணைத்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஹிக்மத் எதையும் மாற்றவில்லை. ஒரே ஜோடியை இரண்டு தடவை போட்டுவிட்டு, இல்லாத வித்தியாசத்தை ஒரு கிழவன் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்.

தட்டில் இரண்டு காபிக் கோப்பைகளை வைத்தாள். தண்ணீர்க் கிளாஸைக் கையில் எடுத்தாள். வலதா, இடதா? இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல அவருடைய சைகையில் வழியே இல்லை. அவள் இன்னொரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று வைத்துக் கூடத்துக்குள் போனாள்.

நஸூஹின் கண்கள் தட்டின் மேல் விழுந்தன. வலதில் கிளாஸ். இடதிலும் கிளாஸ். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. பழிவாங்குகிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் மெல்ல, மிக மெல்ல, இரண்டு கிளாஸ்களையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன மச்சான், உத்தரவு?"

"ரெண்டாவது" என்றார் நஸூஹ். "முதல்ல போட்டது மந்தம். கம்பளிக்குள்ள இருந்து பேசுற மாதிரி. ரெண்டாவதுல உயிர் இருக்கு, பளிச்சுன்னு இருக்கு."

ஹிக்மத் எழுந்து விரிப்பை இழுத்தார். புத்தக அலமாரியில் இரண்டே இரண்டு சின்னப் பெட்டிகள். தரையில் கிடந்த இன்னொரு அட்டைப்பெட்டியின் நாடா பிரிக்கப்படவே இல்லை.

"ஒரே ஜோடி, மச்சான்" என்றார் ஹிக்மத். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "ஒயரைக்கூடக் கழட்டலை நான். பள்ளிக்கூடப் பையன் மாதிரி மாட்டிக்கிட்டீங்க."

நஸூஹ் பிரிக்கப்படாத அட்டைப்பெட்டியைப் பார்த்தார். நஜாஹ் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவமானம் அவருடையது. பன்னிரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த நியாயம் அதுதானே? ஆனால் அவள் கால் நகரவில்லை.

"இடது பெட்டியில ஒரு ஆணி லூஸா இருக்கு, ஹிக்மத் அண்ணே" என்றாள். "ரெண்டு தடவையும் ஒரே இடத்துல கிடுகிடுத்துச்சு. அதனாலதான் ரெண்டு கிளாஸ் கொண்டுவந்தேன். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல."



ஹிக்மத் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், நஸூஹைப் பார்த்தார். எழுந்து போய் இடது பெட்டியின் முகப்பில் இருந்த திருகாணிகளை விரலால் தொட்டார். நான்காவது ஆணி அரைச்சுற்று சுற்றியது.

"ஓஹோ" என்றார். "சைகை. தட்டுல சைகை. இத்தனை வருஷமும் இப்படித்தானா?"

"இன்னைக்குத்தான் முதல் தடவை" என்றாள் நஜாஹ். "என் காதை நம்பியிருந்தா உங்க பொண்டாட்டிக்குத் தலைவலி வந்திருக்காது. இது நல்ல ஜோடி. ஆணியை முறுக்கி, சுவரிலேர்ந்து ஒரு முழம் முன்னால இழுத்து வையுங்க. அலமாரிக்குள்ள திணிச்சா வயித்துக்குள்ளேர்ந்து பேசும். நீங்க எல்லாரும் பெட்டிக்கு முன்னால மூக்கை வெச்சு வாங்குறீங்க. பக்கத்து ரூம்ல நின்னு கேளுங்க. உள்ள யாரோ ஆள் வந்திருக்காங்கன்னு தோணணும். அதுதான் நல்ல பெட்டி."

சொல்லிவிட்டு, கூடத்தின் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது நஸூஹின் நாற்காலி.

"எந்திரி" என்றார் நஸூஹ்.

"உட்காரச் சொன்னீங்க."

"அது நான் ஜெயிச்சாத்தானே?"

"நான் ஜெயிச்சுட்டேன். நீங்கதான் தோத்தீங்க."

ஹிக்மத் காபியைத் தொடவில்லை. தாடையைத் தடவியபடி யோசித்தார். வியாபாரி அல்லவா, அவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது. பிறகு அவளிடம் பேசாமல் நஸூஹிடம் குனிந்தார்.

"மச்சான், நான் வாயைத் திறக்கலை. சபை இங்கேயே நடக்கட்டும். கடைக்காரன் பெட்டியை இங்க கொண்டுவரட்டும். முன்ஸிரோட அம்மா சமையலறையிலேர்ந்து கேட்டுத் தட்டுல சொல்லட்டும். நீங்க கூடத்துல சொல்லுங்க. உங்க மரியாதையும் போகாது, எங்க காதும் பிழைக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

நஸூஹின் முகத்தில் ரத்தம் திரும்பியது. எவ்வளவு சீக்கிரம் திரும்பியது என்று நஜாஹ் பார்த்தாள். 

"கேட்டியா?" என்றார் அவர். குரலில் கெஞ்சல்கூட இருந்தது. "நல்ல ஏற்பாடுதானே. எந்திரிச்சு உள்ள போ, நஜாஹ். முன்ஸிரோட அம்மா இல்லையா நீ. எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரிக்கலைன்னா சபை இந்த வீட்டுக்கு வராது" என்றார் ஹிக்மத். இப்போது நேராக அவளிடம். "பொம்பளை நடுவுல உட்கார்ந்திருக்கிற கூடத்துக்கு எங்க ஆளுங்க ஒருத்தனும் வர மாட்டான். நாளைக்கு மச்சான் இங்க தனியா உட்கார்ந்திருப்பார். அது உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் நஜாஹ். "உங்க வீட்டுல சபை நடக்கட்டும். ஸமீஹா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுக் காபி போடட்டும். நான் என் கூடத்துல உட்கார்ந்து கேட்டுக்கிறேன். அந்தப் பாடகன் இறங்குற இடத்துல சத்தமாவே 'அல்லாஹ்'ன்னு சொல்வேன்."

ஹிக்மத் பெட்டிகளை அட்டைக்குள் வைத்தார். விரிப்பை மடித்தார். எந்த அவசரமும் காட்டவில்லை, யாராவது மனம் மாறட்டும் என்று நேரம் கொடுப்பதுபோல. யாரும் மாறவில்லை. காபி ஏடு கட்டிப்போயிருந்தது.

வாசலில் நின்று, "உங்க வீட்டுல காது இருக்கு மச்சான்" என்றார். "மூளைதான் யார்கிட்ட இருக்குன்னு தெரியலை."

 ஹிக்மத் ஒரு கையில் ஒரு பெட்டியாக, படியில் இடித்து இடித்து இறங்கினார். கதவு திறந்தே கிடந்தது. நஜாஹ் நாற்காலியை விட்டு எழவில்லை. நஸூஹ் அவளைப் பார்த்தார், படியைப் பார்த்தார், கீழே வண்டிக் கதவு அடிபடும் சத்தம் வரை நின்றார். பிறகு அவரே போய் வாசல் கதவைச் சாத்தினார்.