மடங்காத முன்னங்காலும் நூற்றெட்டுத் தோப்புக்கரணமும்

இதை எழுதக் கொப்பியை எடுப்பதும் மூடிவைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. ஊரில் எனக்குப் பக்திமான் என்றொரு பெயர் உண்டு. உண்மையைச் சொன்னால் அது போய்விடுமே என்ற பயம்தான்.

குண்டு போடும் பொம்மர் விமானங்கள் சுற்றிய போர்க்காலம். அந்த இரைச்சலுக்கு மிரண்டு எங்கள் நாய் மதிலிலிருந்து குதித்தது. முன்னங்காலின் மணிக்கட்டு விட்டுப்போய், ஊன்றும்போதெல்லாம் சரிந்து நிலத்தில் பட்டது. கட்டுப் போட்டும் சரிவரவில்லை. நோவில் சோறும் தின்னாமல் கிடந்தது.

முதலில் பிள்ளையாரிடம் போனேன். கால் பழையபடி மடங்கி நிமிர்ந்தால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவதாக நேர்ந்தேன். பிறகுதான் நாயைப் பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டி, எங்கள் ஊர் உடுவிலிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன்.

அவர் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"மூட்டு அசையிறதாலைதான் நோகுது. மூட்டுக்குள்ளை சுரண்டி, தகடு பூட்டி, எலும்புகளை ஒண்டாய் ஒட்டவிட்டால் நோகாது. ஆனா பிறகு மடங்காது."

"ஐயோ டொக்டர், மடங்க வேணுமெண்டெல்லோ நேர்ந்து வைச்சிருக்கிறன்!"

"ஆரிட்டை?"

"பிள்ளையாரிட்டை."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு நேர்ந்திருக்கலாம்," என்றார். "உங்களுக்கு மடங்கிற கால் வேணுமோ, நடக்கிற நாய் வேணுமோ?"

நடக்கிற நாய் போதுமென்றேன். புதுத் தகடு யாழ்ப்பாணத்துக்கு வராத நாட்கள். யாரோ மனிதருக்குப் பூட்டிக் கழற்றிய பழைய தகடொன்றைத் தேடிப்பிடித்து, அவித்தெடுத்துப் பூட்டினார். கட்டு அவிழ்த்துச் சில நாளில் நாய் நான்கு காலையும் ஊன்றி நடந்தது. ஒரு கால் கம்பு மாதிரித்தான். ஆனாலும் ஒரு முனகல் இல்லை. நான் அழுதுவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, மடங்கினால் எண்டுதானே நேர்ந்தனியள்? மடங்கேல்லைத்தானே, பேசாமல் இருங்கோவன்," என்றாள் மனைவி.

"பிள்ளையாரோடை வழக்குப் பேசச் சொல்லுறியே?" என்று சீறிவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

அறுபத்தோராவது தோப்புக்கரணத்தில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர்தான் தூக்கி நிமிர்த்தினார்கள். வாசலில் காத்துநின்ற நாய் முன்னே நடக்க, நான் நொண்டிக்கொண்டு பின்னே போனேன்.

"பாருங்கோ, நாயின்ரை நோவை இவர் வாங்கிப்போட்டார்!" என்றார் ஒருவர்.

நான் இல்லையென்று சொல்லவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டேன். அன்று கிடைத்ததுதான் பக்திமான் என்ற பெயர்.

கேட்டதைப் பிள்ளையார் தரவில்லை. சொன்னதை நானும் முடிக்கவில்லை. நாற்பத்தேழு இன்னும் மிச்சம். நாய் மட்டும் கடைசிவரை நோவில்லாமல் நடந்தது. அதை அவருடைய கருணையென்றே இன்றும் நம்புகிறேன்.

வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கு இதைச் சொல்லும்போது இப்படியே சொல்லுங்கள். நாயின் காலை மடக்கிவிடாதீர்கள். என் கணக்கையும் நூற்றெட்டு ஆக்கிவிடாதீர்கள்.