ஜப்பான் முத்து

பெரியப்பாவின் வாள்பிடியில் முத்துப் பதித்திருக்கிறது என்றுதான் ஊரில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நானும் ஏழு வயதுவரை நம்பினேன்.

அந்த வாளை நினைத்துப் பல வருடங்களாகியிருந்தன. 2012இல், புலம்பெயர்ந்து நோபல் பார்க்கில் இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழி படித்த என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கண்காட்சி ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கார் ஓட்ட ஆள் வேண்டுமே. அங்கே ஒரு வெள்ளைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு, பழைய ஜப்பானிய வாள்களின் பிடியும் உறையும் எதனால் ஆனவை என்று விளக்கிக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் ஆலையில் செய்தவற்றுக்குப் பித்தளைக் காப்புத் தகடும் பிடியில் சுற்றப் பருத்தி நாடாவுமாம். அதற்கு முந்தியவற்றில் இரும்புத் தகடும் பட்டு நாடாவும் இருக்குமாம். மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவர் எடுத்துக் காட்டிய ஒரு பிடியைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன். கறுப்புப் பட்டு நாடா குறுக்கும் மறுக்குமாக ஓடியிருந்தது. அது விட்ட சாய்சதுர இடைவெளிகளில் வெள்ளை மணிகள் மினுங்கின.

“ஸ்டிங்ரே ஸ்கின்னாம் அப்பா. யக்,” என்றாள் மகள்.

“தெரியும்,” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பெரியப்பா மலாயாவில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர். அங்கே உழைத்ததெல்லாம் போரோடு போய்விட, ஊருக்குக் கொண்டுவந்தது அந்த வாள் ஒன்றைத்தான். சரணடைந்த ஜப்பான் அதிகாரி ஒருவன் தன் கையில் தந்தது என்பார். பின்னேரம் யாராவது வந்தால் சுவரிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொள்வார். அலகின் கூர்மையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. இரும்புத் தகட்டில் தங்கக் கம்பியால் இழைத்த நாணலைக் காட்டுவார். நாடாவுக்கடியில் பதுங்கியிருக்கும் சின்ன உலோகத் தும்பியைக் காட்டுவார். அதன் சிறகில் நரம்புகூடத் தெரியும். அரக்குப் பூசிய உறையில் எங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்வார். கடைசியில்தான் அந்த வெள்ளை மணிகளுக்கு வருவார். ஜப்பான் முத்து.

பெரியம்மா கடும் சைவம். மீன்காரனின் சைக்கிள் வாசல் படலையடியில் நின்றால் அந்த இடத்தில் தண்ணீர் தெளிப்பார். கலியாணத்தோடு பெரியப்பாவும் மீன் மச்சத்தை விட்டிருந்தார். நவராத்திரியின் கடைசி நாளில் புத்தகம், அரிவாள், தையல் மெஷின் எல்லாவற்றோடும் வாளும் சாமியறைக்குப் போகும்.

எனக்கு ஏழு வயதான வருடம் அந்த நாளில் மழை. ஈரம் பட்டிருக்கும் என்று பெரியப்பா வாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து பிடியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தேன். அந்தச் சொரசொரப்பு எனக்குப் பழக்கமானது. மண்வெட்டிப் பிடி தேய்க்க அப்பா காயவைத்திருந்த தோலும் இப்படித்தான் இருக்கும்.

“பெரியப்பா, இது திருக்கைத் தோல்.”

அவர் முதலில் பெரியம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம்தான் பார்த்தார். “மெல்லமாக் கதை. முத்தடா அது.”

“இல்லை, எங்கட வீட்டிலயும் கிடக்கு.”

“கிடக்கட்டும். பெரியம்மாவின்ரை காதில விழுந்தா வாள் கிணத்துக்குள்ளைதான். பிறகு நானும் வாளோட போகவேண்டியதுதான்.” சிரித்துக்கொண்டு சொன்னாலும் கண்ணைக் குசினிப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை.

“அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?” பெரியம்மா வாழையிலையோடு வந்துவிட்டார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார்.

“முத்து வடிவா இருக்கெண்டு சொன்னனான்,” என்றேன்.

“ஓம், வடிவுதான்,” என்றார் பெரியம்மா.

சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு வாளைப் பக்குவமாகத் தூக்கினார். மற்றப் பொருட்களுக்குப் பக்கத்தில் வைக்காமல், வாசலோரம் தனியாக ஓர் இலை விரித்து, பிடி மட்டும் சாமியறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி கிடத்தினார். “கற்பூரப் புகை பட்டா முத்து மங்கிப்போம்,” என்றார். உறைக்குத்தான் சந்தனம் பூசினார். பூசை முடிந்ததும் மழையோடு மழையாகக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார்.

பெரியப்பா எனக்கு ஒரு பிடி அவல் கூடுதலாகத் தந்தார். பெரியம்மாவை ஏமாற்றி வாளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமையில் அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரைகூட வரவில்லை.

பெரியப்பா செத்த பிறகும் வாள் சுவரில்தான் இருந்தது. வருகிறவர்களுக்குப் பெரியம்மா அதை எட்டி நின்று விரலை நீட்டிக் காட்டுவார். நாணல், தும்பி, ஜப்பான் முத்து. ஒரு சொல் மாறாது.

கண்காட்சியில் அந்த வெள்ளைக்காரர் கையுறைக் கையால் வாளைப் பக்குவமாகத் தூக்கித் திரும்பவும் வைத்தார். நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா சேலைத் தலைப்பைச் சுற்றியதை மரியாதை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“ஏனப்பா சிரிக்கிறீங்கள்?” என்று மகள் கேட்டாள்.