சிங்கவரம் ஓடையில் நான் சொல்லாமல் விட்ட கல்

ஐப்பசி மழை ஒரு வாரம் கொட்டி ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை, செஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கவரம் ஓடையைப் பார்க்கப் போனோம். போன வருடம் கோட்டை பார்க்க வந்தபோது நான் கண்டுபிடித்த இடம். கூட வந்தவள் தோழி ரேவதி. அவளும் பயணக் கட்டுரை எழுதுகிறாள். என்னை நாற்பது பேர் படித்தால் அவளை நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே சரி என்றேன். வயிறு எரிந்தது.

கிளாம்பாக்கத்தில் காலை 5.30க்குப் பேருந்து, திண்டிவனம் வழியாகச் செஞ்சி சேர 9 மணி. அங்கிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 150 ரூபாய். பெருமாள் கோயில் குன்றைத் தாண்டி இறங்கி, வரப்பில் இருபது நிமிட நடை.

ஓடையில் முழங்காலளவு தெளிந்த தண்ணீர். அக்கரையில் நெல், இக்கரை மேட்டில் வேர்க்கடலைக் கொல்லை. இங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். வேப்பமரத்தடியில் காய் ஆய்ந்துகொண்டிருந்த அஞ்சலை அக்கா, "மெட்ராஸா? குந்துங்கம்மா, மல்லாட்ட துன்னுங்க" என்றார். ஐந்தே நிமிடத்தில் ரேவதி செடியை மடியில் போட்டு ஆய ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா வேகமா ஆயுது பாரு இந்தப் பொண்ணு!" என்று பூரித்த அக்கா, என் பக்கம் திரும்பி, "நீ இன்னாம்மா, நின்னுக்கினே இருக்கிற?" என்றார்.

பதினோரு மணிக்கு ஓடையைக் கடந்தோம். நான் முன்னால். நடுவிலிருந்த கறுப்புக் கல் பாசி பிடித்து வழுக்கியது; சமாளித்து ஏறிவிட்டேன். திரும்பிச் சொல்லியிருக்கலாம். கேமராவும் கையுமாக அவள் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விழட்டும் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

விழுந்தாள். கேமரா தண்ணீரில் போனது. கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. அஞ்சலை அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தார். "அந்தக் கல்லு வழுக்குமேம்மா! முன்ன போனியே, சொல்லலியா நீ?"

அக்காவின் வீட்டுக்காரர் பைக்கில் எங்களைச் செஞ்சி மருத்துவமனையில் சேர்த்தார். எலும்பு முறிவு, மாவுக்கட்டு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னேன்: "வழுக்கும்னு எனக்குத் தெரியும் ரேவதி. வேணும்னேதான் சொல்லல."

அவள், "கார் சொல்லு, வீட்டுக்குப் போகணும்" என்றாள். ஒன்றரை மாதமாயிற்று. அந்த ஓடையைப் பற்றி அவள் எழுதவில்லை. அது எனக்கே எனக்கென்று ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

போகிறவர்கள் மழை நின்று இரண்டு நாள் கழித்துப் போங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை இல்லை. அஞ்சலை அக்கா விசாரித்தால், அந்தப் பெண்ணுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, நன்றாக நடக்கிறாள் என்று சொல்லுங்கள். அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் எனக்கே தெரியும்.