ஒரு துணுக்கு வெடிமருந்து

மூச்சை அடக்கிக்கொண்டு, இடுக்கியின் நுனியில் ஒரே ஒரு துணுக்கு வெடிமருந்தைத் தூக்கித் தராசுத் தட்டில் விடுகிறாள் ஆர்டிஸ் ஹௌகன். சீரகத்தில் பாதிகூட இருக்காது அந்தத் துணுக்கு. முள் மயிரிழை நகர்ந்து கோட்டின்மேல் நிற்கிறது. "ம்... இப்பதான் வழிக்கு வந்தே" என்று தராசைச் செல்லமாகத் திட்டிவிட்டு, மருந்தைப் பித்தளைக் கூட்டுக்குள் சரிக்கிறாள். மேலே ஈயக் குண்டை அழுத்திப் பொருத்தியதும் ஒரு தோட்டா தயார். இது நாற்பதாவது. சனிக்கிழமைப் போட்டிக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு இருபது. இன்னும் இருபது பாக்கி.

மான்டானாவின் ஜூன் வெயிலில் கார் கொட்டகை கொதிக்கிறது. ஆனால் மின்விசிறி போடக்கூடாது, தராசு ஆடும். ஜன்னல் திறக்கக்கூடாது. நாய் வாலை ஆட்டி மேசையில் இடிக்கும் என்பதால் அதற்கும் தடை. கணவன் லாயல் வரலாம், தும்மக்கூடாது. வருஷத்தில் ஒன்பது மாதம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் இவள். ஐம்பது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ஊளையிட்டாலும் முகம் சுளிக்கமாட்டாள். இங்கே ஈ பறந்தால் பொறுக்காது.

கடையில் பெட்டி பெட்டியாகத் தோட்டா கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பாள். "அது ஊருக்கெல்லாம் தைச்ச சட்டை. மானைச் சுடலாம். ஆயிரம் கஜத்துக்கு அந்தாண்ட இருக்கிற வட்டத்துல நடுவுல போய் விழணும்னா அளவெடுத்துத் தைக்கணும்." அப்படி அளவெடுக்க ஒரு பனிக்காலம் முழுக்க ஆனது. மருந்தைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, ஞாயிறுதோறும் சுட்டுப் பார்த்து, தன் துப்பாக்கிக்குப் பிடித்த அளவை ஒருவழியாகக் கண்டுபிடித்தாள். அந்த மருந்தும் ஒரு குப்பிதான் இருந்தது. கடைகளில் அந்த ரகம் கண்ணில் பட்டு இரண்டு வருஷமாகிறது.

இரண்டு வருஷமாக மாநிலப் போட்டியில் அவளை ஜெயிக்கிறவன் வெர்லின் ஸ்டாக்கி, பக்கத்து வட்டாரத்து மாட்டுப் பண்ணைக்காரன். இரண்டு தடவையும் ஒரே ஒரு புள்ளியில். "பத்துப் புள்ளியில தோத்தா தூக்கம் வரும். ஒரு புள்ளின்னா எப்படி வரும்?" என்பாள். இந்த வருஷம் அவனை ஜெயித்தே தீர வேண்டும் என்ற வெறி அவளுக்கு. அதை அவள் மறைத்ததும் இல்லை.

மேசைக்கு மேலே சுவரில் அவள் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது: 'மேசைமேல் ஒரு குப்பிதான்.' அதற்குக் கீழே, 'மருந்து திறந்திருந்தால் பேச்சு கிடையாது.' நாற்பதாவது தோட்டா முடிந்த அந்த வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு விதியும் ஒரே நேரத்தில் உடைந்தன. லாயல் தன் வேட்டைத் தோட்டாவுக்கான மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து, மேசையில் வைத்து மூடியைத் திறந்தான். வெளியே நாய் குரைத்தது. அப்படியே வைத்துவிட்டு ஓடினான். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வெர்லின். வேறு யாராக இருந்தாலும் எடுத்திருக்கமாட்டாள்.

"என்ன மகராசி, ரெண்டாம் பரிசுக்கு அலமாரியில எடம் பண்ணியாச்சா?"

"உனக்கு ஒரு கைக்குட்டை எடுத்து வெச்சிருக்கேன் வெர்லின். சனிக்கிழமை சாயங்காலம் அழறப்ப கேப்பே."

போனைத் தோளில் இடுக்கியபடி, கிண்ணத்தில் மிச்சமிருந்த மருந்தைக் குப்பியில் திருப்பிக் கொட்டினாள். மருந்தைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போகும் பழக்கம் அவளுக்கு இல்லை. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இவள் கை நன்றாகத்தான் நுழைந்தது. எந்தக் குப்பியில் என்பதுதான் கேள்வி. சிரித்து முடித்துப் போனை வைத்துத் திரும்பினால், மேசைமேல் இரண்டு வெள்ளைக் குப்பிகள். இரண்டும் திறந்து கிடந்தன.

லாயல் உள்ளே வந்தபோது அவள் பூதக்கண்ணாடி வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் கறுப்பு, அதுவும் கறுப்பு.

"உன்னோடதுலதான் கொட்டியிருப்பே. கைப் பழக்கம்" என்றான்.

"பாத்தியா?"

"பாக்கல."

"நானும் பாக்கல. அப்புறம் என்ன பேச்சு?"

"ஒரு கைப்பிடிதானே ஆர்டிஸ். கலந்திருந்தாத்தான் என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். உன்னோடது வேகமா எரியற சரக்கு. துப்பாக்கி மூஞ்சிக்கு நேரா வெடிச்சாலும் வெடிக்கும். கன்னத்தை அதுமேல சாய்ச்சுக்கிட்டு, 'அப்படியெல்லாம் இருக்காது'ன்னு நெனச்சுக்கிட்டே சுடவா?"

"தப்பு என்னோடது. குப்பியை வெச்சது நான்."

"வெச்சது நீ. போனை எடுத்தவ நான்." சுவரில் இருந்த தன் கையெழுத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவளே வெர்லினைக் கூப்பிட்டாள். "எங்கிட்ட நாப்பதுதான் இருக்கு. ரெண்டு சுற்று சுடறேன். மூணாவது சுற்றுக்கு உன் பின்னாடி நாற்காலி போட்டு உன் புள்ளியை எழுதறேன்" என்றாள், நடந்ததையும் சொன்னாள். அந்தப் பக்கம் கிண்டல் வரவில்லை.

"என் தோட்டாவுல இருபது தரேன்" என்றான்.

"அடுத்தவங்க அடைச்ச தோட்டாவை நான் சுட்டதில்ல."

"தெரியும். நானுந்தான் சுடமாட்டேன். ஆனா கேக்காம இருக்க முடியல."

சந்தேகத்துக்கு இடமான மருந்தை இந்தப் பக்கத்தில் புல்லுக்குத்தான் போடுவார்கள், நல்ல உரம். இரண்டு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டு முன்புறம் போனாள். லாயல் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் அவன் குப்பி, பிறகு அவளுடையது. கோழிக்குத் தீனி போடுவதுபோலக் கை நிறைய அள்ளி அள்ளி வீசினாள். குப்பியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். வியர்த்த உள்ளங்கையில் ஒரே ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதையும் ஊதிவிட்டாள்.