ஒன்பதாவது வாசிப்பு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் பேர்ணடெற் என்ற பெண்ணுக்கு நாற்பத்துமூன்று வயது. பதினாறு வருடமாகத் தராசுகளைச் சோதிப்பதுதான் அவருடைய வேலை. மரக்கறிக் கடைத் தராசுகள் அல்ல. கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் ஆய்வுகூடத் தராசுகள். நுகேகொடையில் உள்ள ஒரு சிறிய கம்பெனியின் வான் வண்டியில், எடைகள் அடுக்கிய மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இடம் இடமாகப் போவார். அந்த எடைகளில் சிறியவை வெறும் நகத்தளவு உலோகத் தகடுகள். விரல் பட்டால் வியர்வை ஒட்டி நிறை மாறிவிடும் என்பதால் இடுக்கியால்தான் தொடவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு மருந்தகத்தின் பின்னறையில் இருந்தார். ஐம்பது மில்லிகிராம் தகட்டைப் பத்துத் தடவை வைத்து எடுத்து, ஒவ்வொரு தடவையும் தராசு அதே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்கவேண்டும். முதல் எட்டுத் தடவையும் ஐம்பது. ஒன்பதாவது தடவை நாற்பத்தொன்று.

வெளியே பிரதான வீதியில் வானை நிறுத்த இடமில்லாமல் ட்ரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். ஏசிக் காற்று பட்டிருக்கும் என்று பேர்ணடெற் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தகட்டை எடுத்துத் திரும்ப வைத்தார். ஐம்பது. அதையே ஒன்பதாவது வாசிப்பாக எழுதினார். பத்தாவதும் சரி. கையெழுத்துப் போட்டு, தராசில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

பெட்டியை மூடும்போது மருந்தாளர் ரஜனி வந்தார்.

"நல்ல காலம் அக்கா, இண்டைக்கே முடிச்சிட்டீங்கள். இவ்வளவு நாளும் இதில கிரீம்தான் நிறுத்தனாங்கள். நாளையில இருந்து ஹார்ட் வருத்தம் உள்ள குழந்தையளுக்கு மாத்திரையை இடிச்சு, பொட்டலம் பொட்டலமா நிறுக்கப் போறம்."

"அப்பிடியா," என்றார் பேர்ணடெற். பெட்டியைப் பூட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வான் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது அவர் ட்ரைவரைத் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் போகச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால், எழுதாமல் விட்டதையும் சொல்லவேண்டும். சனிக்கிழமை முழுதும் அரிசி கழுவும்போதும் உடுப்புக் காயப் போடும்போதும் நாற்பத்தொன்று என்ற எண்தான் கண்ணில் நின்றது. போனை எடுப்பார், வைப்பார். காற்றுத்தான் என்று பத்துத் தடவை சொல்லிக்கொண்டார். பதினோராவது தடவை அதை அவராலேயே நம்ப முடியவில்லை.

ஞாயிறு காலை தேவாலயப் பூசையில் முன்வரிசை வாங்கில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பேர்ணடெற் பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே வந்து ரஜனிக்கு அழைத்தார்.

"நேற்று அந்தத் தராசில நிறுத்தனீங்களா?"

"ஓம் அக்கா. ஒரு பிள்ளைக்கு மட்டும், முப்பது பொட்டலம். ஏன்?"

"எனக்கு ஒரு வாசிப்புப் பிழையா வந்தது. நான் அதை எழுதாம விட்டனான். ஐம்பதுக்கு நாற்பத்தொண்டு காட்டினது."

ரஜனி மெதுவாகக் கேட்டார். "குறைச்சுக் காட்டினா நாங்கள் மருந்தைக் கூடப் போட்டிருப்பம், என்ன?"

"ஓம்."

குழந்தையின் தாயின் பெயர் அஸ்கா, வீடு பாமன்கடையில். அவருடைய போன் வேலை செய்யவில்லை. டொக்டர் எழுதிய மருந்துத் துண்டின் பிரதியில் விலாசம் இருந்தது. பேர்ணடெற் ஓட்டோவில் ஏறினார். கொள்ளுப்பிட்டியில் ஏதோ ஊர்வலத்துக்காக வீதியை மறித்திருந்தார்கள். அதில் பதினைந்து நிமிடம் போனது.

பாமன்கடை வீட்டு வாசலில் ரஜனியும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். கதவைத் திறந்த அஸ்காவின் தோளில் மூன்று மாதப் பெண் குழந்தை கிடந்தது.

"காலைல மருந்து குடுத்தீங்களா?" என்று ரஜனி கேட்டார்.

"ராவும் குடுத்த, காலைலயும் குடுத்த. குடிச்சிட்டுக் கக்கிட்டா. அதுக்குப் பொறவு பாலே குடிக்கல்ல. தூங்கிட்டே ஈக்கிறா."

ரஜனி குழந்தையின் கைமடிப்பில் விரலை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "நாடி மெதுவா இருக்கு. இப்பவே ஹொஸ்பிட்டலுக்குப் போவம்," என்றார் ரஜனி.

ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார் பேர்ணடெற். எவ்வளவு கூடப் போயிருக்கும் என்று டொக்டர் கேட்டார். தராசு எந்தப் பொட்டலத்தில் எவ்வளவு பிழைத்தது என்று பேர்ணடெற்றால் சொல்ல முடியவில்லை, அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமாக இருந்தது. குழந்தையை உள்ளே கொண்டுபோன பிறகு அஸ்கா பேர்ணடெற் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு மிஸ்?"

"தராசைச் சரியெண்டு எழுதிக் குடுத்தது நான்."

அஸ்கா எழுந்து போய் எதிர்ப்பக்க வாங்கில் இருந்தார். பேர்ணடெற் அங்கேயே இருந்தார். போய்விடலாம் என்று தோன்றியது; போனால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாரிடம் கேட்பது என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நான்கு மணிக்கு, இதயத் துடிப்பு ஏறி வருகிறது, இரண்டு நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தாதி வந்து சொன்னார்.

திங்கட்கிழமை கம்பெனி முதலாளி சண்முகலிங்கம் தானே வந்து அந்தத் தராசைச் சோதித்தார். ஐம்பது தடவை வைத்துப் பார்த்ததில் ஆறு தடவை பிழை காட்டியது. ஒரு தடவை முப்பத்தெட்டுக்கு இறங்கியது. தட்டைக் கழற்றிப் பார்த்தால், அடியில் பஞ்சு இழை ஒன்று சிக்கி, சில வேளை தட்டில் உரசிக்கொண்டிருந்தது.

"ஏன் பிள்ளை எழுதேல்ல?" என்றார்.

பேர்ணடெற் சாட்டுச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "காரணம் ஒண்டும் இல்லை சேர்," என்று வந்தது.

நடந்ததைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு அவர் கையெழுத்துச் செல்லாது என்று சண்முகலிங்கம் முடிவு செய்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. இப்போது எடைகளை அவர் வைக்க, வேறொருவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். எண் அசையாமல் நிற்கும்வரை அவர் தகட்டைத் தட்டிலிருந்து எடுப்பதில்லை.

குழந்தை தேறி வீட்டுக்குப் போய்விட்டது. அஸ்கா இப்போது மருந்தை வேறு இடத்தில் எடுக்கிறார். பேர்ணடெற் அனுப்பிய கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை.